அச்சத்தில் சுரக்காதது: ஆக்ஸிடோசினும் நம் வகுப்பறையும்

(காரைக்கால் மாவட்டம், பட்டினச்சேரியில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு, மனநலத்தில் ஆக்ஸிடோசினின் பங்கு. எங்கள் ஆசிரியர் அறையில் இந்தத் தலைப்பைச் சொன்னவுடன் ஒரு சார், "அது மாட்டுக்குப் போடுகிற ஊசிதானே?" என்றார். ஒரு டீச்சர் தன் கைப்பேசியை எடுத்து, ஒரு நாளைக்கு எட்டு முறை கட்டிப்பிடித்தால் அன்பு ஹார்மோன் பெருகிக் கவலையெல்லாம் போய்விடும் என்று அவருக்கு வந்திருந்த செய்தியைக் காட்டினார். இருவர் சொன்னதிலும் உண்மை உண்டு. மாட்டு ஊசி என்றவர் சொன்னதில் சற்று அதிகம் உண்டு. ஆகவே மாட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

நம்மில் பலர் மாடு கட்டிய வீட்டில் வளர்ந்தவர்கள். கறக்க உட்காருகிறவர் முதலில் கன்றை அவிழ்த்துவிடுவார். கன்று ஓடிவந்து மடியை நாலு முட்டு முட்டும், கொஞ்சம் குடிக்கும். அதன் பிறகுதான் பால் இறங்கும். கன்றுக்குட்டி செத்துப்போனால் அதன் தோலுக்குள் வைக்கோலைத் திணித்து, அந்த வைக்கோல் கன்றைத் தாய்ப்பசுவின் முன்னால் நிறுத்திக் கறப்பார்கள். பசு அதை நக்கிக்கொடுக்கும், பாலும் இறங்கும். சின்ன வயதில் அதைப் பார்க்க எனக்குப் பாவமாக இருக்கும். பின்னாளில் உயிரியல் படித்தபோதுதான் அதற்குள் நடப்பது என்னவென்று புரிந்தது.

மடியில் பால் ஏற்கெனவே ஊறி இருக்கிறது. அதை வெளியே தள்ளுவதற்கு ஒரு கட்டளை வேண்டும். கன்று முட்டுவதும், அதன் வாசனையும், சில மாடுகளுக்குக் கறவைப் பாத்திரத்தின் சத்தமும்கூட நரம்பு வழியாக மூளையின் ஹைப்போதலாமஸுக்குப் போகின்றன. அங்கே உற்பத்தியாகும் ஆக்ஸிடோசின், பிட்யூட்டரியின் பின் கதுப்பிலிருந்து இரத்தத்தில் இறங்கி மடியை அடைகிறது. பால் நுண்ணறைகளைச் சுற்றியுள்ள மெல்லிய தசைகள் சுருங்குகின்றன. பத்தாம் வகுப்பில் நாம் பட்டியலாக நடத்திவிட்டுப் போகிற ஹார்மோன் இதுதான். வகுப்பில் வைக்கோல் கன்றைச் சொல்லி நடத்திப் பாருங்கள். தேர்வு முடிந்த பிறகும் பிள்ளைகளுக்கு நினைவிருக்கும்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிட்யூட்டரியின் பின்பகுதிச் சாறு கருப்பையைச் சுருங்கச் செய்கிறது என்று 1906இல் எழுதியவர் ஆங்கிலேயரான ஹென்றி டேல். விரைவான பிரசவம் என்ற பொருள் தரும் கிரேக்கச் சொற்களிலிருந்துதான் ஆக்ஸிடோசின் என்ற பெயர் வந்தது. ஒன்பதே அமினோ அமிலங்கள் கொண்ட சிறிய மூலக்கூறு இது. 1953இல் வின்சென்ட் டு விக்னோ இதை ஆய்வகத்தில் செயற்கையாகத் தயாரித்தார். 1955இல் வேதியியலுக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. இன்றும் பிரசவ அறையில் குழந்தை பிறந்தவுடன் தாய்க்கு 10 யூனிட் ஊசி போடுகிறார்களே, இரத்தப்போக்கைத் தடுக்க, அது இந்த மருந்துதான். இந்த ஒரு ஊசி காப்பாற்றியிருக்கும் தாய்மார்கள் கணக்கில் அடங்க மாட்டார்கள்.

அதே மருந்தைப் பால் வியாபாரத்துக்காக மாட்டுக்குப் போட்டதும் நம் நாட்டில் நடந்தது. கன்றே வேண்டாம், ஊசி போதும் என்ற கணக்கு. இந்தத் தவறான பயன்பாட்டைக் காரணம் காட்டி, தனியார் நிறுவனங்கள் உள்நாட்டுக்காக ஆக்ஸிடோசின் தயாரிக்க மத்திய அரசு 2018 ஏப்ரலில் தடை விதித்தது. கர்நாடகத்திலுள்ள ஒரு பொதுத்துறை நிறுவனம் மட்டும் தயாரிக்கலாம் என்றது. பிரசவ அறைகளுக்கு மருந்து கிடைக்காமல் போய்விடும் என்று எதிர்ப்பு எழுந்து, அந்த ஆண்டு டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் தடை உத்தரவை ரத்து செய்தது. மாட்டுக்கும் தாய்க்கும் ஒரே மருந்து என்பதால் வந்த சிக்கல் அது.

இனி நம் தொழிலுக்கு வருகிறேன். பாலைக் கறப்பவர் திட்டினாலோ, புதிய ஆள் வந்து உட்கார்ந்தாலோ, பக்கத்தில் நாய் குரைத்தாலோ மாடு பாலை அடக்கிக்கொள்ளும். கிராமத்தில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. 1941இல் ஈலி, பீட்டர்சன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் இதையே சோதித்தார்கள். கறக்கப்போகும் பசுவின் முதுகில் ஒரு பூனையை ஏற்றிவிட்டார்கள். காகிதப் பைகளை ஊதி உடைத்தார்கள். பசு மிரண்டது, பால் இறங்கவில்லை. அச்சத்தின்போது சுரக்கும் அட்ரினலின் அந்த வழியை அடைத்துவிடுகிறது. மடியில் பால் இல்லாமல் போகவில்லை என்பதைக் கவனியுங்கள். உள்ளே இருக்கிறது, வரவில்லை.

வாய்ப்பாடு தெரிந்த பிள்ளை, பெயரைச் சொல்லி அதட்டி எழுப்பியவுடன் ஏழெட்டு எவ்வளவு என்று தெரியாமல் நிற்பதை நாம் தினமும் பார்க்கிறோம். பசுவின் மடியும் பிள்ளையின் மூளையும் ஒன்று என்று சொல்ல மாட்டேன். அங்கே வேறு பல வேதிப்பொருள்களும் வேறு பாதைகளும் இருக்கின்றன. ஆனால் அச்சம் உடலுக்குள் போய், இருப்பதை வெளியே வரவிடாமல் செய்யும் என்பதை இதைவிட எளிமையாகக் காட்டும் சோதனையை நான் படித்ததில்லை. கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 17ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மனரீதியான துன்புறுத்தலையும் சேர்த்தே தடை செய்திருக்கிறது. நாம் பிரம்பைக் கீழே வைத்துவிட்டோம். நாக்கை வைத்துவிட்டோமா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

பிள்ளைகளிடமே செய்த ஓர் ஆய்வும் இருக்கிறது. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் லெஸ்லி செல்ட்சர் என்பவரும் உடன் பணியாற்றியவர்களும் 2010இல் வெளியிட்டது. ஏழு முதல் பன்னிரண்டு வயதுவரை உள்ள 61 சிறுமிகளை, முன்பின் தெரியாதவர்கள் முன்னால் நிறுத்தித் திடீரென்று பேசச் சொன்னார்கள், கணக்குப் போடச் சொன்னார்கள். எந்தப் பிள்ளைக்கும் படபடப்பு வரும். பிறகு மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு அம்மா நேரில் வந்து அணைத்து ஆறுதல் சொன்னார். இரண்டாவது குழுவிடம் அம்மா தொலைபேசியில் மட்டும் பேசினார். மூன்றாவது குழு ஒரு படம் பார்த்தது. முதல் இரண்டு குழுவிலும் ஆக்ஸிடோசின் அளவு உயர்ந்தது. மனஅழுத்த ஹார்மோனாகிய கார்டிசால் விரைவாக இறங்கியது. அம்மாவின் குரல் மட்டுமே, அணைப்புக்கு ஏறக்குறைய ஈடாக வேலை செய்தது. 2012இல் அதே குழுவினர் இன்னொன்றையும் பார்த்தார்கள். அம்மா கைப்பேசியில் எழுத்தாகச் செய்தி அனுப்பினால்? பலன் இல்லை. ஆறுதல் பெறாத குழுவைப் போலவே அந்தப் பிள்ளைகள் இருந்தார்கள்.

சின்ன ஆய்வுதான். அளந்ததும் சிறுநீரில், மூளைக்குள் என்ன நடந்தது என்பதை அது நேரடியாகச் சொல்லாது. ஆனாலும் குரல் என்ற செய்தியை நான் பிடித்துக்கொள்கிறேன். வகுப்பறையில் நம்மிடம் இருக்கும் பெரிய கருவி அதுதான்.

இப்போது அன்பு ஹார்மோன் கதைக்கு வருகிறேன். 2005இல் சூரிச் நகரில் நடந்த ஓர் ஆய்வு, மூக்கில் ஆக்ஸிடோசின் தெளித்தவர்கள் பிறரை நம்பித் தங்கள் பணத்தைக் கூடுதலாகக் கொடுத்தார்கள் என்றது. உலகமெங்கும் தலைப்புச் செய்தி. அதன்பின் நம்பிக்கைத் தெளிப்பான் என்று விற்பனையே தொடங்கிவிட்டது. 2020இல் அதே சோதனையை இன்னும் அதிகமானோரிடம், இன்னும் கவனமாகத் திரும்பச் செய்தபோது அந்த விளைவு வரவில்லை. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு இந்தத் தெளிப்பு உதவும் என்ற நம்பிக்கையும் பெற்றோரிடையே பரவியது. அமெரிக்காவில் 3 முதல் 17 வயதுவரை உள்ள 290 பேரிடம் 24 வாரம் சோதித்து 2021இல் முடிவை வெளியிட்டார்கள். மருந்து தெளித்தவர்களுக்கும் மருந்தில்லாத வெறும் தெளிப்பைப் பெற்றவர்களுக்கும் சமூகத் திறனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஒருவேளை உங்கள் பள்ளியில் அப்படி ஒரு பிள்ளையின் அம்மா வந்து, "இந்த மருந்து வாங்கலாமா டீச்சர்?" என்று கேட்டால், இந்த ஆய்வைச் சொல்லுங்கள். கடன் வாங்கி அந்தப் பணத்தைச் செலவழிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

வாழ்நாள் துணையாக இணையும் புல்வெளி வோல் என்ற எலியினத்தை வைத்துத்தான் அன்பு ஹார்மோன் என்ற பெயரே பரவியது. அந்த எலிகளில் ஆக்ஸிடோசின் ஏற்பிகளையே மரபணு மாற்றத்தால் நீக்கிப் பார்த்தார்கள். அவை அப்போதும் இணை சேர்ந்தன, குட்டியும் போட்டன. 2023இல் வந்த முடிவு இது. பாசம் ஒரே ஒரு மூலக்கூறை நம்பி நிற்கவில்லை என்பதில் எனக்குத் தனிப்பட்ட முறையில் ஒரு நிம்மதி. மனச்சோர்வு என்றால் ஆக்ஸிடோசின் குறைவு, அதைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மனநோய்க்கென அங்கீகரிக்கப்பட்ட ஆக்ஸிடோசின் மருந்து எதுவும் இன்றுவரை இல்லை.

இந்தக் கடற்கரையில் இருந்துகொண்டு இவற்றையெல்லாம் ஏன் பேசுகிறோம்? 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. அந்த நாளைப் பற்றி பட்டினச்சேரியில் நான் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை. சுனாமி வந்த மூன்று நான்கு வாரத்தில் இலங்கையில் மூன்று கடற்கரை ஊர்களில் 264 பிள்ளைகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. வடக்கே தமிழ் மீனவ ஊரான மணற்காடு அதில் ஒன்று. பேரதிர்ச்சிக்குப் பின்வரும் மனக்காயத்தின் அறிகுறிகள் ஊருக்கு ஊர் 14 முதல் 39 விழுக்காடு பிள்ளைகளிடம் இருந்தன. குடும்பத்தில் இழப்பு நேர்ந்தவர்களிடமும், அதற்கு முன்பே போர் போன்ற கொடுமைகளைக் கண்டவர்களிடமும் காயம் ஆழமாக இருந்தது. அதாவது அடி மேல் அடி விழுந்த பிள்ளை.

இன்று நம் வகுப்பில் இருப்பவர்கள் சுனாமிக்குப் பிறகு பிறந்தவர்கள். ஆனால் ஏழாம் வகுப்புப் பிள்ளையின் அம்மாவுக்கு அன்று பத்துப் பன்னிரண்டு வயது இருந்திருக்கும். 2018 நவம்பரில் கஜா புயல் அறிவிப்பு வந்தபோது, விடுமுறை அறிவிக்கும் முன்பே பள்ளி வாசலில் வந்து நின்ற தாய்மார்களை எனக்குத் தெரியும். மழை நாளில் பிள்ளையை அனுப்பாத தாயைப் பொறுப்பில்லாதவர் என்று வருகைப் பதிவேட்டை வைத்துக்கொண்டு பேசிவிடாதீர்கள்.

சுனாமி ஒரு நாள் வந்தது. இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு வேறு அச்சங்கள் அடிக்கடி வருகின்றன. அப்பா போன படகு திரும்பவில்லை, இலங்கைக் கடற்படை பிடித்துவிட்டது என்ற செய்தி எந்த மாதம் வரும் என்று சொல்ல முடியாது. 2025 ஜனவரி 28 அன்று நெடுந்தீவு அருகே காரைக்கால் படகின் மீனவர்கள் 13 பேர் கைதானார்கள். அவர்களில் சிலர் துப்பாக்கிச் சூட்டில் காயமும் அடைந்தார்கள். அப்படிப்பட்ட செய்தி வந்த மறுநாளும் நாம் வருகைப் பதிவு எடுக்கிறோம். அந்தக் குடும்பத்துப் பிள்ளை சீருடை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கும்.

எனக்குத் தெரிந்த ஒரு மாணவி, அப்பா பிடிபட்டிருந்த வாரங்களில், வாசல் பக்கம் உட்கார இடம் கேட்டாள். காரணம் சொல்லவில்லை. தெருவில் வண்டிச் சத்தம் கேட்டால் தலை திரும்பும். மாற்றி உட்கார வைத்தோம். எல்லா ஆசிரியர்களும் பேசிக்கொண்டு மூன்று செயல்களை மட்டும் செய்தோம். காலையில் வந்தவுடன் அவள் பெயரைச் சொல்லி, முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசுவது. அவளைக் கேட்காமல் எழுப்பிக் கேள்வி கேட்பதில்லை. மதியம் தலைமையாசிரியர் அறைத் தொலைபேசியில் அம்மாவோடு இரண்டு நிமிடம் பேசவிடுவது. செய்தி ஒன்றுமில்லை என்றாலும் அந்தக் குரலைக் கேட்டுவிட்டு வந்தால் அடுத்த பாடவேளையில் எழுதுவாள். அவள் இரத்தத்தில் எது ஏறியது, எது இறங்கியது என்று யாரும் அளக்கவில்லை. அளக்கத் தேவையும் இல்லை.

கட்டிப்பிடிப்பது பற்றி வெளிப்படையாகப் பேசியாக வேண்டும். ஹார்மோன் சுரக்கும் என்று சொல்லிப் பிள்ளைகளை அணைக்க எந்த ஆசிரியருக்கும் உரிமை இல்லை. 2012இன் போக்சோ சட்டம் இருக்கிறது என்பது ஒரு காரணம். அறிவியல் காரணம் இன்னொன்று. விரும்பாத தொடுதல் அச்சத்தைத்தான் தூண்டும். மேலே சொன்ன பசுவின் கதை அங்கே திரும்ப நடக்கும். வீட்டிலோ வெளியிலோ தவறான தொடுதலுக்கு ஆளான பிள்ளை நம் வகுப்பில் இருக்கலாம். நமக்குத் தெரியாது. ஒன்றாம் வகுப்புக் குழந்தை அழுதுகொண்டு தானாக வந்து சேலையைப் பிடித்துக்கொண்டால் தள்ளிவிடச் சொல்லவில்லை. குழந்தை பிடித்தால் நில்லுங்கள், விட்டால் விடுங்கள், எல்லோர் கண்ணுக்கும் தெரிய இருங்கள். வயது ஏற ஏறக் குரலும் பார்வையும் போதும். ஆண் ஆசிரியர்கள் சிலர், "நமக்கு எதற்கு வம்பு" என்று பிள்ளைகளின் முகத்தையே பார்க்காமல் பாடம் நடத்திவிட்டுப் போகிறார்கள். அதுவும் சரியில்லை. பெயர் சொல்லி அழைப்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

ஆக்ஸிடோசினுக்கு இன்னொரு முகமும் உண்டு. நெதர்லாந்தில் 2010, 2011 ஆண்டுகளில் வந்த ஆய்வுகளில், இந்த ஹார்மோன் கொடுக்கப்பட்டவர்கள் தம் குழுவினருக்குக் கூடுதலாகச் சாய்ந்தார்கள். எல்லோரையும் நேசிக்க வைக்கவில்லை. நம்மவரை நேசிக்க வைத்தது. இந்த ஆய்வுகளின் மேலும் விவாதம் நடக்கிறது. ஆனால் குட்டி போட்ட நாயின் பக்கத்தில் போய்ப் பார்த்தவர்களுக்கு இது வியப்பாக இருக்காது. குட்டியிடம் இருக்கும் பாசமும் நம்மிடம் காட்டும் பல்லும் ஒரே தாயுடையவைதான். வகுப்பிலும் அப்படி. நெருங்கிய நட்புக் கூட்டம் நல்லதுதான், ஆனால் அந்தக் கூட்டத்துக்கு வெளியே நிற்கும் பிள்ளை யார் என்று பார்க்க வேண்டியது நாம். மேட்டிலிருந்து வரும் பிள்ளை, டவுன் பிள்ளை, மீன் வாசனை வருகிறது என்று யாரோ சொல்லித் தள்ளி உட்காரும் பிள்ளை. இந்த வாக்கியத்தை நான் கற்பனையாகச் சொல்லவில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

மாசி மகத்தன்று திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் இங்கே திருமலைராயன்பட்டினம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வருகிறார். மீனவ மக்கள் அவரை மாப்பிள்ளை என்று முறை சொல்லித்தான் வரவேற்கிறார்கள். ஒரே ஒரு முறைச்சொல்லால் வெளியாள் வீட்டாள் ஆகிறார். இந்த ஊர் பிள்ளைகளுக்கு அந்த வழக்கம் தெரியும். இருக்கையை மாதம் ஒரு முறை மாற்றுவது, குழு வேலையை நாமே பிரித்துக் கொடுப்பது, சேர்ந்து பாடுவது எல்லாம் அந்த வேலையைத்தான் செய்கின்றன. சேர்ந்து பாடினால் ஆக்ஸிடோசின் கூடுமா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. கரைவலை இழுத்த நம் பெரியவர்கள் அம்பாப் பாட்டுப் பாடியது ஹார்மோனுக்காக அல்ல. ஒரே நேரத்தில் இழுத்தால்தான் வலை வரும். பிள்ளைகளிடம் அந்தப் பாட்டைக் கேட்டுப் பாருங்கள். வீட்டில் தாத்தாவிடம் கேட்டு வந்து பாடுவார்கள்.

கடைசியாக, நம்மால் ஆகாதது. இரண்டு வாரத்துக்கு மேலாகப் பேச்சு நின்றுபோனது, தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, தன்னைத் தானே கிள்ளிக்கொள்வது, கீறிக்கொள்வது, சாவைப் பற்றிப் பேசுவது, எழுதுவது, இவை கண்ணில் பட்டால் அன்பான சொல் மட்டும் போதாது. சாவைப் பற்றிய பேச்சு என்றால் இரண்டு வாரம் காத்திருக்கவும் கூடாது. அன்றே பெற்றோரை அழைத்துப் பேசி, அரசு மருத்துவமனையின் மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். வீட்டில்தான் ஆபத்து என்று பிள்ளை சொன்னால் 1098. மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ், எண் 14416. 2022 அக்டோபரிலிருந்து இரவு பகலாக இயங்குகிறது, தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. பிள்ளைகளுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். தூக்கம் வராத ஆசிரியரும் கூப்பிடலாம். இந்த இரண்டு எண்ணையும் இப்போதே பின்பலகையில் எழுதிவைக்கிறேன். அவரவர் பள்ளிக்குக் குறித்துக்கொண்டு தேநீருக்குப் போகலாம். வைக்கோல் கன்று பற்றிக் கேள்வி இருப்பவர்கள் அங்கேயே கேளுங்கள்.